பார்த்தே இராத மக்கள் மீது வெறுப்பு எப்படி வருகிறது?

ஒரு பெற்றோர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "யூதர்கள் எல்லாரும் பணத்தாசை பிடித்தவர்கள், உலகத்தையே மறைவில் இருந்து ஆட்டிவைக்கிறவர்கள்" என்று சொல்கிறான். வீட்டில் யாரும் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்ததில்லை. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? சிறுவயதில் மனதில் விழும் இப்படிப்பட்டவை வளர்ந்த பிறகு தானாக மறைந்துவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தானாக மறைவதில்லை. பெரும்பாலும் வெளியே தெரியாமல் கிடக்கும், அவ்வளவுதான். கடன், தோல்வி, போர், காணாமல் போன ஒரு குழந்தை என்று ஏதாவது வந்து "இதற்கு யார் காரணம்?" என்று மனம் தேடும்போது, சிறுவயதில் பதிந்த அந்தச் சித்திரம் பதிலாக வந்து நிற்கும். அந்தச் சித்திரம் உண்மையான ஒரு யூதரிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐரோப்பிய வரலாற்றில் பெரும்பாலும் அப்படி வந்ததும் இல்லை.

வெறுப்பு என்றாலே அதற்குப் பின்னால் ஏதோ ஒரு சம்பவம் இருந்திருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஹிட்லரைப் பற்றியே அப்படி ஒரு கதை உலவுகிறது. அவருடைய தாயை ஒரு யூத மருத்துவர் சரியாகக் கவனிக்கவில்லை, அந்தக் கோபம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். நடந்தது நேர்மாறு. லின்ட்ஸ் நகரில் அந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த எடுவார்ட் ப்ளோக் யூதர்தான். மார்பகப் புற்றுநோயால் துன்பப்பட்ட ஹிட்லரின் தாயைக் கடைசிவரை கவனித்தவர் அவர். 1907 டிசம்பரில் தாய் இறந்த பிறகு ஹிட்லர் அவருக்கு நன்றி சொல்லி அஞ்சலட்டை அனுப்பினார். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும் லின்ட்ஸ் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ப்ளோக்குக்கு மட்டும் பாதுகாப்பு கிடைத்தது, 1940இல் அவர் அமெரிக்காவுக்குக் கிளம்ப முடிந்தது. ஆக, நேரில் தெரிந்த யூதர் ஒரு பக்கம் மரியாதைக்குரியவராக இருக்க, தெரியாத லட்சக்கணக்கானவர்கள் மீது வெறுப்பு தனியாக வளர முடிந்திருக்கிறது.

சரி, சம்பவம் இல்லையென்றால் வேறு எது? எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், இன்ஸ்ப்ருக் பக்கத்தில் உள்ள ரின் என்ற மலைக் கிராமம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. 1462இல் ஆண்டர்ல் என்ற மூன்று வயதுச் சிறுவனை, அவன் தாய் வயலில் அறுவடைக்குப் போயிருந்த நேரத்தில், அவனுடைய ஞானத்தந்தை வழிப்போக்கர்களான யூத வணிகர்களுக்கு விற்றுவிட்டாராம். அவர்கள் அவனை ஒரு பாறையின் மீது கிடத்திக் கொன்றார்களாம். அதே நேரத்தில் வயலில் இருந்த தாயின் கையில் மூன்று சொட்டு இரத்தம் விழுந்ததாம். விற்று வாங்கிய காசு இலைகளாக மாறிப்போயிற்றாம். அந்த இடத்துக்கே 'யூதக்கல்' என்று பெயர். பாறையைச் சுற்றி ஒரு தேவாலயம், அதில் சிறுவனின் எலும்புகள், ஆண்டுதோறும் யாத்திரை, கிராமத்தார் நடிக்கும் நாடகம் எல்லாம் இருந்தன. 1816இல் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியப் பழங்கதைகளிலும் இது ஏறியது.

இதை உருவாக்கியவர் யார் என்பது தெரியும். ஹால் நகரில் வாழ்ந்த ஹிப்போலிட் குவாரினோனி என்ற மருத்துவர். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் 150 ஆண்டுகள் கழித்து, 1620 வாக்கில், வாய்வழிப் பேச்சையும் தன் கற்பனையையும் சேர்த்து இதை எழுதினார். அவருக்கு முன்மாதிரி இத்தாலியின் ட்ரென்ட் நகரம். அங்கே 1475இல் சைமன் என்ற குழந்தை இறந்துகிடந்தபோது பழி அந்த நகர யூதர்கள் மீது விழுந்தது. சித்திரவதையில் வாக்குமூலம் வாங்கிப் பலரைக் கொன்றார்கள். குழந்தையைப் புனிதராக்கி வணங்கினார்கள்.

இந்தக் கதைகளின் அடியில் இருப்பது, யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. ஆனால் யூத சமயச் சட்டம் இரத்தத்தை உணவில் முழுவதுமாக விலக்குகிறது. இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தத்தை எடுத்த பிறகுதான் சமைப்பார்கள். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று போப் நான்காம் இன்னொசென்ட் 1247இலேயே எழுதிவிட்டார். ஆனால் போப்பின் கடிதம் ஒரு நான்கு வயதுக் குழந்தையிடம் போய்ச் சேராது. அந்தக் குழந்தையிடம் போய்ச் சேர்வது பாட்டியின் குரல்தான். கதையில் செத்துப்போவதும் கேட்கிற குழந்தையின் வயதுள்ள ஒரு பிள்ளை. "நீயும் தனியாகப் போனால் உன்னையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பயம் முதலில் உடம்பில் இறங்குகிறது. யார் அந்த யூதர்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியே அப்புறம்தான். அதோடு அந்தக் கதை திருவிழாவோடும் ஊர்வலத்தோடும் குடும்பமாகப் போய்வந்த ஒரு நல்ல நாளோடும் சேர்ந்தே நினைவில் தங்குகிறது. வளர்ந்த பிறகு அதைச் சந்தேகப்படுவது என்றால் பாட்டியையும் ஊரையும் சாமியையும் சேர்த்துச் சந்தேகப்படுவது. அது எவ்வளவு கடினம் என்பதை நாம் புரிந்துகொள்ள முடியும்.

இது வெறும் கிராமத்துப் பழங்கதை, யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். போலந்தின் கியெல்ட்சே நகரம் அதற்குப் பதில். 1946 ஜூலை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. போலந்தின் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேர் நாஜி ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்டிருந்தார்கள். தப்பிப் பிழைத்த சிலர் கியெல்ட்சேயில் பிளான்டி தெருவில் 7ஆம் எண் கட்டடத்தில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் தெரிந்தவர்கள் இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினான். எங்கே போனாய் என்று கேட்டபோது, தன்னைப் பிடித்து அடைத்துவைத்திருந்தார்கள் என்றான். மறுநாள், ஜூலை 4, காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைக் காட்டி, அதன் நிலவறையில்தான் இருந்தேன் என்றான். அந்தக் கட்டடத்துக்கு நிலவறையே கிடையாது. அது தெரியவந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. காவலர்களும் சிப்பாய்களும்கூடக் கொலையில் கலந்துகொண்டார்கள். 42 யூதர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? தொழிலாளிகள், கடைக்காரர்கள், தாய்மார்கள். ஒரு சிறுவனின் ஒற்றை வாக்கியத்தை அவ்வளவு பேரும் ஒரே காலைப்பொழுதில் நம்பினார்கள் என்றால், நம்புவதற்கான இடம் ஒவ்வொருவர் மனதிலும் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து அதிகத் தூரமில்லாத சான்டோமியர்ஸ் நகரின் பேராலயத்தில், யூதர்கள் ஒரு குழந்தையைக் கொல்வதாகக் காட்டும் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் சுவரில் தொங்கியது. ஞாயிறுதோறும் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த எத்தனை குழந்தைகள் அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், முன்முடிவுகள் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றி 1954இல் எழுதிய நூலில் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்கிறார். ஆறு வயதுச் சிறுமி வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, நான் வெறுக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் பேர் என்ன?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில் எல்லாமே இருக்கிறது. உணர்ச்சி தயாராகிவிட்டது, அதை யார் மீது வைப்பது என்பது மட்டும் அவளுக்கு மறந்துபோயிற்று. அம்மா மனது நோகக்கூடாது என்ற அன்பினால்தான் அவள் அப்படிக் கேட்கிறாள். குழந்தைகள் பெரும்பாலும் வெறுப்பினால் வெறுப்பைக் கற்றுக்கொள்வதில்லை, தங்களை வளர்ப்பவர்கள் மீதுள்ள பாசத்தினால் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் பையன் சொன்ன 'பணத்தாசை'க்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ளப் பல இடங்களில் தடை இருந்தது. கைத்தொழில் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்தது. ஆகவே வட்டித் தொழில் யூதர்களில் ஒரு பகுதியினர் கையில் வந்தது. மன்னர்கள் அவர்கள் மூலம் பணத்தைப் புரட்டி, அவர்களிடமே கடும் வரியைப் பிடுங்கினார்கள். கடன்பட்டவனின் கோபம் மன்னர் மீது போகாமல் எதிரே நின்ற யூதர் மீது போனது. இங்கிலாந்து 1290இல் யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டே துரத்தியது, 1656 வாக்கில்தான் மறுபடி குடியேற வழிவிட்டது. ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக் என்ற யூத வட்டிக்காரரை உருவாக்கியது 1590களில். அதாவது அந்த நாடகத்தைப் பார்த்த லண்டன்காரர்களில் பெரும்பாலோர் வெளிப்படையாக யூதராக வாழ்ந்த ஒருவரைக்கூட அறியாதவர்கள். யூதர்கள் போய் முந்நூறு ஆண்டுகள் ஆகியும் சித்திரம் மட்டும் ஊரில் தங்கியிருந்தது. நம் ஊரில் ஆங்கிலப் பாடத்தில் சுருக்கிக் கொடுத்த அந்தக் கதையைப் படித்தவர்கள் நிறையப் பேர். சுருக்கும்போது கடனும் ஒரு பவுண்டு சதையும் மிஞ்சும். 'எங்களைக் குத்தினால் எங்களுக்கு இரத்தம் வராதா?' என்று ஷைலாக் கேட்கும் இடம் பல சமயம் போய்விடும். உங்கள் பையனுக்கு இது அங்கிருந்து வந்திருக்கலாம், அல்லது கைப்பேசியில் ஓடும் ஏதோ ஒரு துண்டுப் படத்திலிருந்து வந்திருக்கலாம். அவனிடமே கேளுங்கள், திட்டாமல்.

குழந்தைகளைக் குறிவைத்து இதை ஓர் அரசே திட்டமிட்டுச் செய்தது நாஜி ஜெர்மனியில். ஜூலியஸ் ஷ்ட்ரைஹரின் பதிப்பகம் 1938இல் 'விஷக்காளான்' என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டது. ஒரு தாயும் மகனும் காட்டில் காளான் பறிக்கிறார்கள். நல்ல காளான், விஷக்காளான் என்று பிரித்துக் காட்டிக்கொண்டே, மனிதர்களிலும் அப்படி இருக்கிறார்கள் என்று தாய் பாடம் சொல்கிறாள். அதன் கொடூரம் அந்தக் காட்சியின் இனிமையில் இருக்கிறது. வெயில், காடு, கூடை, அம்மா என்று ஒரு குழந்தை விரும்பும் எல்லாமே அதில் உண்டு. போருக்குப் பின் நியூரம்பெர்க் விசாரணையில் இந்தப் புத்தகம் சான்றாக வைக்கப்பட்டது. ஷ்ட்ரைஹர் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

புத்தகத்தைவிட இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1933 ஏப்ரலில் வந்த சட்டம் உயர்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. 1938 நவம்பரில் பொதுப் பள்ளிகளிலிருந்து யூதக் குழந்தைகள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். சித்திரத்தைப் பாடத்தில் வைத்தார்கள், அதே நேரத்தில் அதைப் பொய்யாக்கக்கூடிய உயிருள்ள வகுப்புத் தோழனை பெஞ்சிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக்கு விடை சொல்லிக்கொடுத்தவன் போன பிறகு, படத்தில் இருப்பவன் மட்டும்தான் மிச்சம்.

இதன் விளைவை அளந்து பார்த்த ஆய்வு உண்டு. நிக்கோ ஃபொய்க்ட்லெண்டர், ஹான்ஸ்-யோஆஹிம் ஃபோட் என்ற இரு பொருளியலாளர்கள் 1996, 2006 ஆண்டுகளில் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நாஜி ஆட்சியில் பள்ளி வயதைக் கழித்தவர்களிடையே தீவிர யூத வெறுப்பு கொண்டவர்களின் பங்கு, மொத்த மக்களோடு ஒப்பிட்டால் இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தது. நினைவில் வையுங்கள், அந்த ஆட்சி விழுந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கு இது. இடையில் நாஜி வதைமுகாம்களின் படங்கள், வழக்குகள், பாடத்திட்ட மாற்றம், எல்லாம் வந்துபோயின. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். நாஜிகளுக்கு முன்பே யூத எதிர்ப்புக் கட்சிகளுக்கு அதிக வாக்களித்த ஊர்களில்தான் அந்தப் பள்ளிப் பாடம் மிக ஆழமாகப் பதிந்திருந்தது. வீட்டிலும் தெருவிலும் கேட்டதையே வகுப்பிலும் கேட்ட குழந்தைக்கு மாற்று என்று எதுவுமே இல்லை.

"அப்படியானால் ஒரு யூதரை அறிமுகப்படுத்திவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். உதவும், ஆனால் அது மட்டும் போதாது. 1943 அக்டோபர் 4 அன்று போஸ்னான் நகரில் தன் அதிகாரிகளிடம் பேசிய நாஜி எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர், எட்டு கோடி ஜெர்மானியரும் ஆளுக்கொரு நல்ல யூதரைக் காட்டுகிறார்கள், மற்றவர்கள் எல்லாம் மோசம், இவர் மட்டும் அருமையானவர் என்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். தெரிந்தவரை விதிவிலக்காக ஒதுக்கிவைத்துவிட்டால் சித்திரத்துக்கு ஒரு கீறலும் விழாது. ப்ளோக் மருத்துவரின் கதையும் அதுதான்.

சித்திரமே வேறாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்சில் லே ஷாம்போன் என்ற மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் ஹ்யூகனோ எனப்படும் புரோட்டஸ்டண்ட் வழியினர். 1685இல் மன்னர் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டுரிமையைப் பறித்த பிறகு, ஒளிந்து வாழ்ந்ததும் சிறைப்பட்டதும் துரத்தப்பட்டதும் அவர்கள் வீட்டுக் கதைகளாகின. பைபிளின் பழைய ஏற்பாட்டை அந்தக் குழந்தைகள் தங்கள் கதையாகவே படித்தார்கள். இஸ்ரவேலர் அவர்களுக்குத் துரோகிகளல்லர், தங்களைப் போலத் துன்பப்பட்டவர்கள். 1940களில் நாஜிகளுக்குத் தப்பி யூத அகதிகள் வாசலில் வந்து நின்றபோது, போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் ஊர்மக்களும் கதவைத் திறந்தார்கள். அந்த மேட்டுநிலப் பகுதி ஆயிரக்கணக்கானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. ரின் குழந்தைகளும் லே ஷாம்போன் குழந்தைகளும் கேட்டு வளர்ந்தது ஒரே பைபிளைத்தான். யாருடைய பக்கம் நின்று கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நிறுவனங்கள் பாடத்தைத் திருத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஜூல் இசாக் பிரான்சின் பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதியவர். யூதர் என்பதால் 1940இல் பதவி பறிக்கப்பட்டது. 1943இல் மனைவியும் மகளும் பிடிக்கப்பட்டு நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், திரும்பவில்லை. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அவர் ஒரே கேள்வியைத் தோண்டிக்கொண்டிருந்தார்: ஞானோபதேச (கிறிஸ்தவ சமயப் பாட) வகுப்பில் குழந்தைகளுக்கு யூதர்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? இயேசுவும் மரியாளும் சீடர்களும் யூதர்கள் என்பது மறைந்து, கொன்றவர்கள் மட்டும் யூதர்கள் என்று பதிவதை அவர் வரிவரியாகக் காட்டினார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்த இழிவான அடைமொழியைப் போப் இருபத்துமூன்றாம் ஜான் 1959இல் நீக்கினார். அடுத்த ஆண்டு இசாக் அவரை நேரில் சந்தித்தார். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மீதும், இன்றைய யூதர்கள் மீதும் சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. ட்ரென்ட் நகரின் சைமன் வழிபாடும் அதே ஆண்டு ஒழிந்தது. ரின் கிராமத்தில் ஆயர் ரைன்ஹோல்ட் ஸ்டெஹர் 1985இல் எலும்புகளைப் பீடத்திலிருந்து அகற்றி, 1994இல் வழிபாட்டையே தடைசெய்தார். உள்ளூரில் கடுமையான எதிர்ப்பு இருந்தது. ஒரு சிறு கூட்டம் அதற்குப் பிறகும் ஜூலை மாதத்தில் அங்கே கூடிவந்தது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்போது அந்தக் கதை பாட்டியின் குரலில் போய்ச் சேர்வதில்லை.

காஸாவில் நடப்பதைப் பார்த்துக் கொதிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது நியாயமான விஷயம். அங்கே சாகும் குழந்தைகளுக்காக உங்கள் மகன் அழுதால் அது நல்ல மனம். அந்தத் துக்கத்தோடு 'அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான்' என்ற பேச்சு ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் நிறுத்திப் பேச வேண்டும். இரண்டையும் பிரித்துப் பேசிக் காட்டுங்கள். பதின்மூன்று வயதுக்கு அது புரியும்.

வெறும் "தப்பு, அப்படிச் சொல்லாதே" வேலை செய்யாது. சித்திரம் இருந்த இடத்தில் வைக்க உண்மையான மனிதர்கள் வேண்டும். நல்லவேளையாக நமக்கு அது தொலைவில் இல்லை. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. எனக்குத் தெரிந்தவரை ரின் போன்ற ஒரு கதை அந்த மண்ணில் வேர்விடவில்லை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த தொல்லை போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், அங்கிருந்த யூதர்கள் பல நூற்றாண்டுகள் மலையாளம் பேசிப் பெரும்பாலும் அமைதியாக வாழ்ந்தார்கள். பையனுக்கு ஏ. பி. சேலம் பற்றிச் சொல்லுங்கள். கொச்சி யூதர், சென்னையில் சட்டம் படித்தவர், காந்தியைப் பின்பற்றியவர். தன் குடும்பத்தாரை அடிமை வழியினர் என்று சொல்லித் தொழுகைக்கூடத்தில் தள்ளிவைத்த சொந்தச் சமூகத்தாருக்கு எதிராகவே சத்தியாக்கிரகம் இருந்து உரிமையைப் பெற்றவர். அநியாயம் செய்த யூதர்களும் அதை எதிர்த்த யூதரும் ஒரே தெருவில் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிள்ளையிடம், 'யூதர்கள் எல்லாரும்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் எளிதில் எடுபடாது. முடிந்தால் அடுத்த விடுமுறையில் கூட்டிக்கொண்டு போங்கள். பரவூரில் உள்ள பழைய தொழுகைக்கூடத்தை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துப் பார்க்கலாம். மட்டாஞ்சேரியில் சனிக்கிழமை ஓய்வுநாள், உள்ளே விடமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.